ஐயெல்ட்ஸ் எழுதப் போறீங்களா? பணமும் பதற்றமும் மிச்சமாகச் சில குறிப்புகள்

லண்டனில் எம்.எஸ்சி., இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, கனடாவில் பி.ஆர். என்று எதற்குக் கிளம்பினாலும் வாசலிலேயே நிற்பது இந்த ஐயெல்ட்ஸ் தேர்வு. கட்டணம் மட்டும் 16,000 ரூபாய்க்கு மேல். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும், விதிமுறை தெரியாமல் மார்க்கையும் பணத்தையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விதியைத் தெரிந்துகொள்ளக் கோச்சிங் ஃபீஸ் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே முடித்துவிடலாம். இதோ நமக்குள் ஒரு பட்டியல்.

பணம் கட்டும் முன்

1. முதலில் இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ இங்கிலீஷ் மார்க்கையே ஏற்றுக்கொள்கின்றன. அட்மிஷன் ஆபீஸுக்கு நாலு வரி மெயில் போடுங்கள். சரி என்று பதில் வந்தால் மொத்தக் கட்டணமும் மிச்சம்.

2. தேர்வில் அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இரண்டு வகை உண்டு. மேல்படிப்புக்கும் இங்கிலாந்து நர்ஸ் பதிவுக்கும் அகாடமிக், கனடா பி.ஆருக்கு ஜெனரல் டிரெயினிங். மாற்றி எழுதிவிட்டால் ஒன்பதுக்கு ஒன்பது வாங்கினாலும் அந்த இடத்தில் செல்லாது.

3. இங்கிலாந்து விசாவில் சில வகைகளுக்கு 'யுகேவிஐ' என்று பெயர் போட்ட ஐயெல்ட்ஸ்தான் வேண்டும். கேள்விகளின் கடினம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் கூடுதல். டிகிரி படிக்கப் போகிறவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் சாதாரண ஐயெல்ட்ஸே போதும் என்பதால், கேட்காமல் அதிகப் பணம் கட்டாதீர்கள்.

4. "மொத்தம் ஏழு வேணுமாம்" என்ற காதுவழிச் செய்தியை நம்பி இறங்க வேண்டாம். இங்கிலாந்து நர்ஸ் பதிவுக்கு வாசிப்பு, கேட்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 9 எட்ட, கேட்பில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். உங்களுக்கான நாலு எண்களையும் தாளில் எழுதிப் படிக்கும் மேஜைக்கு மேல் ஒட்டிவிடுங்கள்.

5. சராசரிக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு பகுதியின் சராசரி 6.25 வந்தால் 6.5 ஆகவும், 6.75 வந்தால் 7 ஆகவும் மேலே ஏற்றித்தான் தருவார்கள். மூன்றில் 6.5 வாங்கி ஒன்றில் 5.5க்கு இறங்கினாலும் மொத்தம் 6.5தான். எந்தப் பகுதியில் உழைப்பைப் போடுவது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

6. இந்த மார்க்குக்கு ஆயுள் பொதுவாக 2 வருஷம்தான். "எப்படியும் வேண்டியிருக்கும், இப்பவே எழுதி வச்சுக்கோ" என்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளையை எழுத வைத்தால், விண்ணப்பிக்கிற நேரத்தில் அது காலாவதியாகி மறுபடி பணம் கட்ட வேண்டிவரும்.

7. பிடிஇ, டோஃபல் போன்ற தேர்வுகளையும் உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டைப்பிங் வேகம் உள்ளவர்களுக்கும், ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கும் முழுக்க முழுக்கக் கணினியிலேயே நடக்கிற பிடிஇ ஒத்துவரலாம். இலவச மாதிரித் தேர்வு ஒவ்வொன்றை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. கோச்சிங் சென்டரில் மொத்தமாகப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு முழு மாதிரித் தேர்வை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதுங்கள். கேட்பிலும் வாசிப்பிலும் 40க்கு எத்தனை சரி என்று நீங்களே திருத்திக்கொள்ளலாம். கேட்பிலும் அகாடமிக் வாசிப்பிலும் 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7 வந்த மாதிரி. ஜெனரல் டிரெயினிங் வாசிப்பில் அதே 7க்கு 34 வரை வேண்டும். எது மட்டம் என்று தெரிந்தபின் அதற்கு மட்டும் வகுப்புக்குப் போனால் போதும்.

பதிவும் பாஸ்போர்ட்டும்

9. இந்தியாவில் ஐயெல்ட்ஸை இப்போது நடத்துவது ஐடிபி நிறுவனம். பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்தியத் தேர்வுப் பணியும் 2021இல் அதன் கைக்கே வந்துவிட்டது. அவர்கள் இணையதளத்தில் நீங்களே நேராகப் பதியலாம், இடையில் ஆள் தேவையில்லை. ஏஜென்ட் மூலம் பதிந்தாலும் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். தேதி, நேரம், ரிசல்ட் எல்லாம் அதற்குத்தான் வரும்.

10. இந்தியாவில் எழுதும் இந்தியர்களுக்கு அடையாளச் சான்று பாஸ்போர்ட் ஒன்றுதான். ஆதாரோ, பான் கார்டோ, டிரைவிங் லைசென்ஸோ எடுபடாது. கையில் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பித்து, அது வந்த பிறகு தேர்வுப் பக்கம் போங்கள்.

11. நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இனிஷியல். சர்டிபிகேட்டில் 'எஸ். கவிதா' என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் இருக்கும். தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே நிரப்புங்கள்.

12. பதிந்து முடித்ததும் உறுதி மெயிலையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் இன்னொருவரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், தேர்வு வகை ஆகிய நாலும் சரியா என்று பார்த்தால் போதும். தப்பு இருந்தால் அன்றைக்கே மெயில் அனுப்புங்கள், வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

13. பதிந்த பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். தேர்வு முடியும்வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் புது எண்ணை மையத்துக்கு முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள்.

14. "தேர்வே எழுத வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தர்றோம்" என்று வருகிற அழைப்பை அப்படியே வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் ஒரு எண் உண்டு. கல்லூரிகளும் தூதரகங்களும் அதை வைத்து ஆன்லைனிலேயே சரிபார்த்துவிடும். பணமும் போய், விசாவும் போய், கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

நாளும் நேரமும்

15. விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறியுங்கள். இன்னொரு முறை எழுத வேண்டிவந்தாலும் இடம் இருக்கிற மாதிரி, குறைந்தது இரண்டு மாதம் முன்னால் முதல் தேர்வு அமைவது நல்லது. கணினித் தேர்வென்றால் ரிசல்ட் பெரும்பாலும் சில நாட்களிலேயே வந்துவிடும்.

16. சென்னைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. கோவை, மதுரை, திருச்சியிலும் மையங்கள் உள்ளன. பஸ் செலவு, லாட்ஜ் வாடகை, துணைக்கு வருகிறவர் சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, தேதி ஒரு வாரம் தள்ளினாலும் பக்கத்து ஊரையே பிடியுங்கள்.

17. பேச்சுத் தேர்வு அதே நாளில்தான் வரும் என்று நினைக்காதீர்கள், ஒரு வாரம் முன்போ பின்போ கூட வைக்கலாம். பதியும்போதே நேரம் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் ஒரே நாளில் இரண்டையும் அமைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பயணச் செலவு மிச்சம்.

18. காலை, மதியம் என்று பிரிவுகள் இருந்தால், அதிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள் மதியத்தை எடுக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற ஆட்கள் காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

19. தேதி மாற்றவும் ரத்து செய்யவும் என்ன பிடித்தம் என்று பணம் கட்டும் முன் வாசித்துவிடுங்கள். தேர்வு நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கிற பணம் கரைந்துகொண்டே போகும். வீட்டுக் கல்யாணம், செமஸ்டர், திருவிழா எல்லாவற்றையும் காலண்டரில் பார்த்த பிறகே நாள் குறியுங்கள்.

20. திடீரென்று காய்ச்சல், ஆஸ்பத்திரி என்றாகிவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். மருத்துவர் சான்றிதழோடு உடனே மையத்துக்கு எழுதினால் தேதி மாற்றவோ பணம் பெறவோ வாய்ப்பு உண்டு. நாள் கடந்து கேட்டால் கதவு மூடியிருக்கும்.

21. பார்வை, செவி, கை வலி, தொடர் மருத்துவம் என எதுவும் இருந்தால் கூச்சப்படாமல் பதியும்போதே சொல்லுங்கள். பெரிய எழுத்து, கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகள் உண்டு. தயார் செய்ய அவர்களுக்குப் பல வாரங்கள் தேவைப்படும், அதனால் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

வீட்டுப் பயிற்சி, காசில்லாமல்

22. கேம்பிரிட்ஜ் ஐயெல்ட்ஸ் புத்தகம் ஒவ்வொன்றிலும் நாலு முழுத் தேர்வுகள் இருக்கும். புதிதாக அடுக்கடுக்காக வாங்காமல், எழுதி முடித்தவர்களிடம் இரவல் வாங்குங்கள். விடையை நோட்டில் எழுதினால் புத்தகம் அழுக்காகாது, அடுத்தவருக்கும் கை மாற்றலாம்.

23. கேட்புத் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அதனால் வீட்டிலும் நிறுத்தி, பின்னால் ஓட்டிக் கேட்கிற பழக்கமே வேண்டாம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்க உச்சரிப்பு எல்லாம் கலந்து வரும் என்பதால், பிபிசியையும் ஆஸ்திரேலியாவின் ஏபிசி வானொலியையும் சமைக்கும்போதே காதில் மாட்டிக்கொண்டால் செலவில்லாத டியூஷன் அதுதான்.

24. கணினித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தினமும் கால் மணி நேரம் கீபோர்டில் ஒரு பத்தி டைப் செய்யுங்கள். ஸ்பெல்செக்கை அணைத்துவிட்டு அடியுங்கள், தேர்வில் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள். போனில் கட்டை விரலால் தட்டும் வேகம் இங்கே உதவாது.

25. கேட்பு, வாசிப்பு, எழுத்து மூன்றும் இடைவேளையே இல்லாமல் தொடர்ந்து நடக்கும், மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வாரம் ஒருமுறை அதே போல எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழகுங்கள். உடம்பும் உப்புமா மாதிரிதான், திடீரென்று கிண்டினால் கட்டிதட்டும்.

26. பேச்சுக்குச் சமையலறை டைமர் போதும். ஒரு தலைப்பை எடுத்து, ஒரு நிமிஷம் குறிப்பெழுதி, இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே இழுக்கிறோம், எங்கே 'ஆக்சுவலி' அதிகம் என்று நம் காதே சொல்லிவிடும்.

27. சில மையங்களில் தேர்வாளர் எதிரே உட்கார மாட்டார், வீடியோ காலில்தான் கேள்வி கேட்பார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அத்தை மகளோ வாரம் ஒரு தடவை இங்கிலீஷில் மட்டும் பேசினால், திரையைப் பார்த்துப் பேசுகிற கூச்சம் தானாகப் போய்விடும்.

தேர்வு நாள்

28. முதல் நாள் இரவே பாஸ்போர்ட்டைப் பையில் வைத்து, பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஜெராக்ஸோ போனில் எடுத்த படமோ ஏற்க மாட்டார்கள், பதிந்த அதே அசல் வேண்டும்.

29. உள்ளே தண்ணீர் கொண்டுபோக நினைத்தால் நிறமில்லாத பாட்டிலில், லேபிளை வீட்டிலேயே கிழித்துவிட்டு எடுத்துப் போங்கள். கைக்கடிகாரத்துக்கு அனுமதி கிடையாது. ஆசைப்பட்டு வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் அன்றைக்கு வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும்.

30. போனை அணைத்து வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே தெரியாமல் வைத்திருந்தது மாட்டினால் தேர்வே ரத்தாகலாம். அதிகப் பணம், நகை எதுவும் கொண்டுபோகாமல் இருந்தால், பையைப் பற்றிய கவலை இல்லாமல் எழுதலாம்.

31. நுழையும்போது போட்டோவும் கைரேகையும் எடுப்பது வழக்கம். அந்த வாரம் வீட்டில் விசேஷம் இருந்தாலும் விரல் நுனியில் மருதாணி வேண்டாம்.

32. மெயிலில் போட்டிருக்கிற 'ரிப்போர்ட்டிங்' நேரத்துக்குப் போய்ச் சேருங்கள், தேர்வு தொடங்கும் நேரத்துக்கு அல்ல. தாமதமாக வந்தால் உள்ளே விட மாட்டார்கள், பணமும் திரும்பாது. மையத்தை முதல் நாள் மாலையே ஒரு நடை போய்ப் பார்த்து வந்தால் தெரு தேடும் பதற்றம் இருக்காது.

33. காலையில் இரண்டு இட்லி போதும், நெய் சொட்டும் பொங்கல் தூக்கம் வரவழைக்கும். நடுவில் கழிவறைக்குப் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்கலாம், ஆனால் போன நேரம் போனதுதான். எனவே அந்த வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

எழுதும்போது

34. ஹெட்போன் சத்தம், திரை எழுத்தின் அளவு இரண்டையும் ஆரம்பத்திலேயே சரிபாருங்கள். எழுத்தைப் பெரிதாக்க வசதி உண்டு. கோளாறு தெரிந்தால் அந்த நிமிஷமே கையைத் தூக்குங்கள். வீட்டுக்கு வந்து புகார் எழுதினால் பலன் குறைவு.

35. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். தெரியாவிட்டாலும் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஊகம் பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

36. 'இரண்டு வார்த்தைக்கு மிகாமல்' என்று கேட்டிருந்தால் மூன்றாவது வார்த்தை அந்த விடையையே கெடுத்துவிடும். ஸ்பெல்லிங் தப்பினாலும் மார்க் போச்சு. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையுமே ஏற்பார்கள் என்பது ஆறுதல்.

37. கணினியில் கேட்புப் பகுதி முடிந்ததும் சரிபார்க்க 2 நிமிஷம்தான் கிடைக்கும், காகிதத் தேர்வில் மட்டும் விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிஷம். பழைய புத்தகத்தில் படித்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்தை நம்பியிருக்காமல், கேட்கக் கேட்கவே டைப் செய்துகொண்டு போங்கள்.

38. வாசிப்புக்கு 60 நிமிஷத்தில் 40 கேள்விகள், கூடுதலாக ஒரு நிமிஷமும் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க் என்பதால் முரண்டு பிடிக்கிற கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டாம். திரையில் வரியைத் தேர்ந்தெடுத்து நிறம் தீட்டும் வசதியைப் பயன்படுத்தினால், மறுபடி தேடுகிற நேரம் மிச்சம்.

39. எழுத்தில் முதல் பகுதிக்கு 150, இரண்டாம் பகுதிக்கு 250 வார்த்தைகளாவது வேண்டும். கணினியில் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். இரண்டாம் பகுதிக்கு மார்க் இரட்டிப்பு. 20 நிமிஷம், 40 நிமிஷம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை முதலில் முடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

40. மனப்பாடம் செய்த கட்டுரையைக் கொண்டுபோய்க் கொட்டினால் திருத்துகிறவர் கண்டுபிடித்துவிடுவார், மார்க்கும் இறங்கும். ஒன்று, இரண்டு என்று புள்ளி போட்டு எழுதாமல் முழு வாக்கியங்களாகப் பத்தி பிரித்து எழுதுங்கள்.

41. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம் வரை. நம் ஊர் வாடையோடு பேசினாலும் தெளிவாக இருந்தால் போதும், வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம். சொல்லும் கதை உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. பாதியில் நிறுத்தச் சொன்னால் நேரம் முடிந்தது என்று அர்த்தம், பயந்துவிடாதீர்கள்.

ரிசல்ட் வந்த பிறகு

42. ரிசல்ட் ஆன்லைனில் வந்ததும் ஒரு பிரதியைச் சேமித்து, வீட்டில் இன்னொருவர் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். எந்தெந்தக் கல்லூரிக்கு மார்க் போக வேண்டும் என்ற பட்டியலைப் பதியும்போதே கொடுத்தால், பிறகு தனித்தனியாக அலைய வேண்டியதில்லை.

43. ஒரே ஒரு பகுதியில் மட்டும் அரை மார்க்கில் தவறிவிட்டதா? கணினித் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுத 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்ற வழி உண்டு. எல்லா நாடுகளும் கல்லூரிகளும் அதை ஏற்பதில்லை என்பதால், முதலில் மெயில், அப்புறம் பணம்.

44. மார்க்கில் சந்தேகம் இருந்தால் தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். எழுத்திலோ பேச்சிலோ மயிரிழையில் போனவர்கள் கேட்டுப் பார்க்கலாம். கேட்பிலும் வாசிப்பிலும் விடை சரியா தவறா என்பதுதான் கணக்கு, அங்கே பணத்தை வீணாக்க வேண்டாம்.

45. மறுபடி எழுத எத்தனை முறை என்ற வரம்பு கிடையாது. அதற்காக ரிசல்ட் பார்த்த சூட்டிலேயே அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்தப் பகுதி இறங்கியதோ அதற்கு ஒரு மாதமாவது பயிற்சி எடுத்துவிட்டுப் போங்கள். வேண்டிய மார்க் கைக்கு வந்துவிட்டால் புத்தகங்களை எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, விசா வேலையைத் தொடங்குங்கள்!